செகண்ட் லைஃப் அவதாருக்கு முடி செய்யக் கற்க வேண்டும், எங்கே தொடங்குவது?

யாழினி:

வணக்கம் எல்லோருக்கும். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் சில வருடங்களாக இருக்கிறேன். ப்ரிம் என்ற அடிப்படை வடிவங்களில் அலமாரி, ஊஞ்சல் என்று ஆரம்பித்து இப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நாற்காலி, விளக்கு அளவுக்கு மெஷ் (முக்கோணங்களால் ஆன வடிவம்) செய்து ஏற்றத் தெரியும். அடுத்து முடி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியது இதுதான்: நடுவகிடு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இடுப்பு வரை தொங்கும் ஒற்றைப் பின்னல், அதில் ஒரு முழம் மல்லிகை. செகண்ட் லைஃபின் இணையக் கடையான மார்க்கெட்பிளேஸில் பின்னலுக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் நான் பார்த்தவரை எல்லாமே தளர்வாகப் பின்னி, காதோரம் நாலு முடியைப் பறக்கவிட்டு, தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டவை. இறுக்கி வாரிய தலை அகப்படவே இல்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று தேடினால் வீடியோக்கள் பாதி சினிமாவுக்கு, மீதி கேமுக்கு, செகண்ட் லைஃபுக்கு எது ஒத்துவரும் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிளெண்டரில் இருக்கும் முடி வசதியில் வாரி அதையே ஏற்ற முடியுமா? ரிக், அதாவது முடியை அவதாரின் எலும்புகளோடு இணைப்பது, கட்டாயமா? நடக்கும்போது பின்னல் ஆட வேண்டும், அதற்கு வழி உண்டா? காசு கொடுத்து ஏதாவது ஆட்-ஆன் வாங்க வேண்டுமா?

கதிர்3டி:

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. பிளெண்டர் 3.3-இல் வந்த புது கர்வ் முடியானாலும் சரி, அதற்கு முந்தைய பார்ட்டிகிள் முடியானாலும் சரி, செகண்ட் லைஃபுக்குள் போவது முக்கோணங்களும் அவற்றின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரும் மட்டும்தான். இழை இழையாக மெஷ்ஷாக மாற்றினால் முக்கோணம் லட்சக்கணக்கில் போய்விடும், ஏற்றவும் முடியாது, ஏற்றினாலும் யாரும் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

ஆனால் அந்த வசதி வீண் இல்லை, அதை டெக்ஸ்சர் செய்யப் பயன்படுத்துங்கள். ஒரு தட்டையான பரப்பின் மேல் ஒரு கொத்து முடியை வளர்த்து, மேலிருந்து நேராகப் பார்த்து மூன்று படங்களாக பேக் செய்யுங்கள், அதாவது பதிவு செய்யுங்கள்: நிறம், ஆல்ஃபா (எது தெரியும், எது மறையும்), நார்மல் (வெளிச்சத்துக்கு மேடு பள்ளம் காட்டுவது). ஒரே படத்தில் அடர்த்தியான கொத்து இரண்டு, நடுத்தரம் இரண்டு, நுனி சிதறிய மெல்லிய கொத்து ஒன்று, தனித்தனியாகப் பறக்கும் நாலைந்து இழை ஒன்று என்று பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டால் ஒரு முழுத் தலைக்கு அது போதும். அப்புறம் நீளமான பட்டைகளை எடுத்து, ஒவ்வொரு பட்டையின் யூவியையும் (படத்தின் எந்தப் பகுதி பட்டையில் வரும் என்று சொல்வது) அந்தப் படத்தில் ஏதாவது ஒரு கொத்தின் மேல் வைத்து, தலையைச் சுற்றி அடுக்க வேண்டும். கூரை வேய்கிற மாதிரி கீழே பிடரியில் தொடங்கி மேல் வரிசை கீழ் வரிசையை மூடிக்கொண்டு போக வேண்டும், உச்சியும் வகிடும் கடைசி.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பட்டைகளை வளைத்து வைப்பதில்தான் நேரம் முழுக்கச் செலவழிக்கிறார்கள். முடி முடியாகத் தெரிவது டெக்ஸ்சரில்தான். நல்ல டெக்ஸ்சரை முப்பது பட்டையில் போட்டாலும் முடி மாதிரி இருக்கும், மோசமான டெக்ஸ்சரை முந்நூறு பட்டையில் போட்டாலும் பிளாஸ்டிக்தான். அதனால் முதல் வேலை டெக்ஸ்சர். அது உங்களுக்குப் பிடிக்கிற வரை தலைப்பக்கம் போகாதீர்கள்.

ஆட்-ஆன் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். பெசியர் கர்வ் என்ற வளைகோடு போட்டு, அதற்கு ஒரு பெவல் வடிவம் (குறுக்குவெட்டு) கொடுத்து, நுனி கூராக ஒரு டேப்பர் கொடுத்து, கடைசியில் மெஷ்ஷாக மாற்றினால் பட்டை தயார். பிளெண்டரிலேயே இருக்கிறது.

பழைய_ப்ரிம்காரன்:

கதிர் சொன்னது சரி. ஆனால் யாழினிக்கு ப்ரிம் தெரியும் என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

செகண்ட் லைஃப் 2003-இல் வந்தபோது முடி என்பது உடம்போடு வந்த ஸ்லைடர் சமாச்சாரம்தான், தலையோடு ஒட்டிய ஒரு கட்டி. அதை மொட்டையாக்கிவிட்டு, வளைய வடிவ டோரஸையும் சிலிண்டரையும் வெட்டி, முறுக்கி, மெலிய வைத்து, நூறு நூற்றைம்பது ப்ரிமை ஒன்றாகக் கோத்து மண்டையில் மாட்டிக்கொண்டோம். 2006-இல் ஃப்ளெக்சி, அதாவது வளைந்து ஆடும் ப்ரிம், வந்ததும்தான் முடி ஆடத் தொடங்கியது. அடுத்த வருடம் படத்தை வைத்து வடிவம் கொடுக்கும் ஸ்கல்ப்ட் ப்ரிம் வந்தது, 2011 ஆகஸ்டில் மெஷ் வந்தது. மெஷ் வந்தபின் ப்ரிம் முடி கடைகள் பல மூடிவிட்டன, என்னைப் போன்றவர்களுக்கு அது வருத்தம்தான், அந்தக் கைத்திறன் மறக்கப்படக் கூடாது என்று நினைக்கிறேன்.

பின்னல் ஆட வேண்டும் என்று கேட்டீர்களே, ஃப்ளெக்சி இன்றும் வேலை செய்கிறது. பெட்டி, சிலிண்டர், பிரிசம் மூன்றுக்கு மட்டும். மென்மை, ஈர்ப்பு, இழுவை, காற்று, இறுக்கம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது, மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மெஷ்ஷை ஃப்ளெக்சி ஆக்க முடியாது. ஃப்ளெக்சிக்கு உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது, முதுகுக்குள்ளே நுழைந்து வெளியே வரும், இதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு வாரம் ப்ரிமில் ஒரு போனிடெயில் செய்து பாருங்கள் என்பேன். முடி எங்கே தலையை விட்டு விலகுகிறது, எங்கே திரும்புகிறது என்று கண்ணுக்குப் பழகிவிடும், அது மெஷ்ஷிலும் உதவும்.

நர்மதா:

ப்ரிமில் பழகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. உங்கள் காலத்து வேலைகள் மேல் மரியாதை உண்டு, ஆனால் டோரஸை வெட்டுகிற பழக்கம் பட்டை அடுக்குகிறவருக்கு எங்கும் பயன்படாது. யாழினிக்கு ஏற்கெனவே பிளெண்டர் கை பழகியிருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பின்னால் போவானேன்?

நான் சொல்லும் வழி வேறு. மார்க்கெட்பிளேஸில் ஃபுல் பெர்ம் (எல்லா அனுமதியும் சேர்ந்த) முடி கிட் விற்கிறார்கள், மெஷ் அவர்களுடையது, டெக்ஸ்சரும் நிறமும் நாம் போட்டுக்கொள்ளலாம். ஒன்று வாங்கி, உங்கள் டெக்ஸ்சரை அதன் மேல் போட்டுப் பாருங்கள். கதிர் சொன்ன மாதிரி டெக்ஸ்சர்தான் முக்கியம் என்றால் அதை மட்டும் தனியாகப் பழக இதைவிட நல்ல வழி இல்லை, வடிவம் சரியில்லையா டெக்ஸ்சர் சரியில்லையா என்று குழம்ப வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் உரிமக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். பெரும்பாலானவை அதையே ஃபுல் பெர்மாக மறுபடி விற்கக் கூடாது என்றும், இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லும்.

ரிக் பற்றி: முதல் முடியை ரிக் இல்லாமல் செய்யுங்கள். மண்டையில் மாட்டும் சாதாரண மெஷ். போட்டுக்கொள்கிறவர் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். லெலுட்கா, கேட்வா, ஜீனஸ் என்று ஆளுக்கு ஒரு மெஷ் தலை வைத்திருக்கிறார்கள், பின்மண்டை ஒவ்வொன்றுக்கும் வேறு. ரிக் செய்த முடியை வாங்குகிறவர் ஒரு சென்டிமீட்டர்கூட நகர்த்த முடியாது. தோளுக்கு மேல் நிற்கிற முடிக்கு, கிராப், பாப், கொண்டை இவற்றுக்கெல்லாம், ரிக் தேவையே இல்லை.

யாழினி:

கதிர் சொன்னபடி டெக்ஸ்சர் செய்தேன், கிட்டும் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பிளெண்டரில் மிக அழகாக இருந்தது. உள்ளே வந்ததும் இரண்டு பிரச்சினை. முடி நுனி எல்லாவற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு, இருட்டான இடத்தில் நின்றால் இன்னும் மோசம். இன்னொன்று, கேமராவைச் சுற்றினால் பின்னால் இருக்கிற பட்டை திடீரென்று முன்னால் வந்துவிடுகிறது, முன்னால் இருப்பது காணாமல் போகிறது. கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முடியே ஜன்னலுக்குப் பின்னால் போன மாதிரி தெரிகிறது. இது என் டெக்ஸ்சரா, கிட்டா?

கதிர்3டி:

வெள்ளைக் கோடு டெக்ஸ்சர். மற்றது ஆல்ஃபா வரிசை, செகண்ட் லைஃபில் முடி செய்கிற ஒவ்வொருவரும் மோதுகிற சுவர் அதுதான்.

வெள்ளைக் கோடு வரக் காரணம், ஆல்ஃபாவில் மறைந்திருக்கிற பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு. உங்கள் படத்தில் அது வெள்ளையாக இருக்கிறது. டெக்ஸ்சரை வியூவர் (செகண்ட் லைஃபைப் பார்க்கும் மென்பொருள்) சிறிதாக்கிக் காட்டும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலக்கும், அந்த வெள்ளை நுனிக்குள் கசியும். அதனால் இழைகளின் நிறத்தை வெளிப்பக்கமாக நன்றாக நீட்டி நிரப்புங்கள், காலி இடம் முழுவதும் முடி நிறமாகவே இருக்கட்டும், எது தெரிய வேண்டும் என்பதை ஆல்ஃபா பார்த்துக்கொள்ளும். பிளெண்டரில் பேக் செய்யும்போது மார்ஜினை (நிறம் ஓரத்தைத் தாண்டி நீளும் அளவு) அதிகமாக வைத்தாலே பாதி சரியாகிவிடும். நிறப்படத்தை ஒளிபுகாத படமாகத் தனியே சேமித்து, ஆல்ஃபாவைப் பிறகு சேர்த்து டிஜிஏ கோப்பாக எடுப்பது எனக்குப் பிடித்த முறை.

இப்போது வரிசை. ஆல்ஃபா பிளெண்டிங், அதாவது பாதி ஒளிபுகும் கலவை, என்றால் வியூவர் தூரத்தில் இருப்பதை முதலில், அருகில் இருப்பதைப் பிறகு வரைய வேண்டும். அது முக்கோணம் முக்கோணமாக வரிசைப்படுத்தாது, மொத்தப் பொருளாகத்தான் பார்க்கும். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பட்டைகளுக்கு எது முன்னால் என்று அதனால் சரியாகச் சொல்ல முடியாது. ஜன்னலும் ஆல்ஃபா, முடியும் ஆல்ஃபா, அதுதான் அங்கே நடந்தது.

முழுத் தீர்வு இல்லை, ஆனால் நன்றாகக் குறைக்கலாம். 2013-இல் மெட்டீரியல்ஸ் (பரப்பின் பளபளப்பு, மேடு பள்ள அமைப்பு) வந்ததோடு ஆல்ஃபா மாஸ்கிங் வந்தது. அதில் ஒரு பிக்சல் இருக்கும் அல்லது இருக்காது, நடுவில் எதுவும் கிடையாது, எந்த அளவுக்கு மேல் தெரிய வேண்டும் என்ற கட்ஆஃப் எண்ணை 0 முதல் 255 வரை நீங்கள் வைக்கலாம். வரிசைச் சிக்கலே வராது, ஆனால் நுனி கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அதனால் முடியைப் பிரித்துவிடுங்கள்: தலையை மூடுகிற அடிப்பகுதிக்கு ஆல்ஃபாவே வேண்டாம், நடு அடுக்குகளுக்கு மாஸ்கிங், வெளியே பறக்கிற நாலைந்து பட்டைக்கு மட்டும் பிளெண்டிங். ஒரு மெஷ்ஷுக்கு எட்டு முகம் (தனித்தனி டெக்ஸ்சர் போடக்கூடிய பகுதி) வரை வைக்கலாம் என்பதால் இந்த மூன்றையும் ஒரே பொருளில் வேறு வேறு முகமாகக் கொடுத்துவிடலாம்.

உங்கள் கிட்டில் எல்லாமே ஒரே முகமாக இருந்தால் இதைச் செய்ய முடியாது. அப்போது முழுவதையும் மாஸ்கிங்கில் போட்டு, மாஸ்கிங்கில் நன்றாகத் தெரிகிற மாதிரி கொஞ்சம் தடித்த இழைகளாக டெக்ஸ்சரை மாற்றுங்கள்.

மரகதம்:

யாழினி, நீங்கள் கேட்ட தலைக்கு இந்த ஆல்ஃபா தொல்லை பாதிகூட வராதம்மா. படிய வாரிய தலை என்பது கடினமான முடி இல்லை, முதல் முடிக்கு அதைவிட நல்லது கிடையாது. எல்லோரும் அலை அலையாகப் பறக்கிற முடியில் தொடங்கி நொந்து போகிறார்கள்.

இப்படிச் செய்யுங்கள். தலை மெஷ்ஷின் மேல்பகுதியை மட்டும் நகல் எடுத்து, மில்லிமீட்டர் கணக்கில் வெளியே தள்ளி ஒரு தொப்பியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வகிட்டில் இரண்டாகப் பிரித்து, மெஷ்ஷின் கோடுகள் சீப்பு போகிற திசையிலேயே, வகிட்டிலிருந்து காதுக்கு மேலாக வளைந்து பின்கழுத்தில் சேர்கிற மாதிரி ஓட வேண்டும், கட்டங்கள் அப்படி வரும் வரை திருத்துங்கள். பிறகு யூவியை நேராக்கிவிட்டால் வளைவு மெஷ்ஷில் இருக்கும், டெக்ஸ்சரில் நேர்க்கோடாகத்தான் இழை வரைய வேண்டியிருக்கும். வகிட்டுப் பக்கம் தொப்பி லேசாக உள்ளே இறங்க வேண்டும், அங்கேதான் தலைத்தோல் ஒரு கோடாகத் தெரியும். தொப்பி முழுக்க ஒளிபுகாதது. நெற்றியோரம் மட்டும் ஒரு வரிசை சின்னப் பட்டை வையுங்கள், அதற்குக் கீழே டாட்டூ அடுக்காக (தோலின் மேல் ஒட்டும் படம்) ஒரு ஹேர்பேஸ், அதாவது முடி வரைந்த அடித்தளம். 2019-இல் பேக்ஸ் ஆன் மெஷ் (தோல் படங்களை மெஷ் உடம்பிலும் காட்டும் வசதி) வந்த பிறகு மெஷ் தலையிலும் அது சுலபமாக உட்காருகிறது.

பின்னலுக்குக் கையால் வளைக்க வேண்டாம். மூன்று புரியும் ஒரே பாதையில்தான் போகின்றன, பக்கவாட்டில் ஒரு முறை போய் வருவதற்குள் முன்பின்னாக இரண்டு முறை போய் வரும், அடுத்த புரி மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தொடங்கும். கணக்காகச் சொன்னால் பக்கவாட்டுக்கு சைன், முன்பின்னுக்கு அதன் இரண்டு மடங்கு வேகத்தில் சைன். ஒரே ஒரு சுற்று மட்டும் சரியாகச் செய்து, அர்ரே மாடிஃபையரில் (ஒன்றைத் திரும்பத் திரும்ப அடுக்கும் பிளெண்டர் கருவி) நீட்டி, கர்வ் மாடிஃபையரில் முதுகு வளைவுக்கு ஏற்றபடி விட்டுவிடுங்கள். மேலே தடித்து நுனியில் மெலிய, கர்வின் ஆரத்தை மாற்றினால் போதும். கடைசியில் குஞ்சமோ ரிப்பனோ, அது உங்கள் இஷ்டம். பின்னலின் உள்பக்கம், முதுகைப் பார்த்தும் புரிக்குள் புதைந்தும் இருக்கிற முக்கோணங்களை எல்லாம் அழித்துவிடுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்று, தனிப் பட்டைகளை வைத்தால் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து திட்டுத் திட்டாகத் தெரியும். தலையைச் சுற்றி ஒரு வழுவழுப்பான கோளம் மாதிரி மெஷ் வைத்து, டேட்டா டிரான்ஸ்ஃபர் மாடிஃபையரில் அதன் நார்மல்களை (பரப்பு பார்க்கும் திசைகளை) பட்டைகளுக்கு மாற்றுங்கள். ஒரே தலைமுடியாகச் சேர்ந்துவிடும். இதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இதைச் செய்யாமல் எதையும் ஏற்ற மாட்டீர்கள்.

இளங்கோ_டொரண்டோ:

முக்கோணம் அழி என்று சொல்வது எல்லாம் சரி, ஆனால் கடையில் விற்கிறதைப் பாருங்கள். படம் எடுக்கிறவர்கள், ஃபேஷன் பதிவு எழுதுகிறவர்கள்தான் முடி வாங்குகிறவர்கள், அவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துப் பார்க்கிறார்கள். இழை இழையாகத் தெரிகிற கனமான முடிதான் அவர்களுக்குப் பிடிக்கிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, வியூவரும் முன்னேறியிருக்கிறது. ஆரம்பத்திலேயே கஞ்சத்தனம் பழகினால் தட்டையான முடிதான் வரும். முதலில் அழகாகச் செய்யட்டும், எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நர்மதா:

இதை நான் ஏற்கவே மாட்டேன் இளங்கோ.

எடையை அப்புறம் பார்க்கலாம் என்றவர்கள் யாரும் அப்புறம் பார்த்ததில்லை. ஒரு கச்சேரிக்கோ நடன இடத்துக்கோ போங்கள், நாற்பது பேர் நிற்கிறார்கள், நாற்பது தலையிலும் ஒரு முடி. ஆல்ஃபாவோடு 1024க்கு 1024 டெக்ஸ்சர் ஒன்று கார்டின் நினைவகத்தில் ஏறக்குறைய 4 எம்பி எடுக்கும். ஒரு முடிக்கு எட்டு என்றால் 32 எம்பி, நாற்பது பேருக்குக் கணக்குப் போட்டால் 1,280 எம்பி, முடிக்கு மட்டும். உடம்பு, உடை, கட்டடம் எதுவும் இன்னும் வரவில்லை. எல்லோரிடமும் நல்ல கார்டு இல்லை, நான் பழகுகிற பாதிப் பேர் பழைய லேப்டாப்பில் வருகிறவர்கள். அவர்கள் திரையில் கனமான அவதார் விவரமே இல்லாத ஜெல்லி பொம்மையாகத் தெரியும், அவ்வளவு பாடுபட்டுச் செய்த முடியை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

இழை அழகு டெக்ஸ்சரிலிருந்தும் நார்மல் படத்திலிருந்தும் வரட்டும். வெளிக்கோடு, அதாவது பின்னணிக்கு எதிரே தெரிகிற ஓரம், அங்கே மட்டும் முக்கோணத்தைச் செலவழியுங்கள். அப்புறம் எல்ஓடி, அதாவது தூரம் போகப் போகக் காட்டும் எளிய வடிவங்கள். ஏற்றும்போது நாலு நிலை கேட்கும், ஹை, மீடியம், லோ, லோயஸ்ட். தானாக உருவாக்கிக்கொள்ள விட்டால் பட்டைகளைக் கண்டபடி கிழித்துவிடும், சின்னப் பொருளுக்கு இன்னும் சீக்கிரம், ரிக் செய்யாத கொண்டை ஊசி இரண்டடி தள்ளிப் போனாலே முக்கோணக் குப்பையாகிவிடும். மீடியத்தையும் லோவையும் நீங்களே செய்யுங்கள்: ஒன்றுவிட்டு ஒன்று பட்டையை நீக்கி, மிச்சத்தைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும்.

இளங்கோ_டொரண்டோ:

எல்ஓடி கையால் செய்ய வேண்டும் என்பதில் சண்டை இல்லை. டெக்ஸ்சர் கணக்கும் சரிதான், எட்டு என்பதை இரண்டாக்கலாம். முக்கோணத்தில் மட்டும் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, சுருள் முடி, அடர்ந்த கோரை முடி எல்லாம் தட்டைப் பட்டையில் உயிரோடு வராது. சுருளுக்கு வளைவு வேண்டும், வளைவுக்கு முக்கோணம் வேண்டும். சுருள் முடிக்காரர்களுக்கு மெய்நிகர் உலகங்களில் நல்ல முடி குறைவாக இருப்பதற்கு எடையைக் காட்டி ஒதுக்குவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நர்மதா:

சுருளுக்கு ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். படிய வாரிய தலைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

யாழினி:

தொப்பியும் பின்னலும் வந்துவிட்டன! மரகதம் அக்கா, அந்த சைன் கணக்கு அற்புதம், ஒரு சுற்று செய்ததும் மீதி தானாக வந்துவிட்டது. இப்போது ரிக். பின்னல் இடுப்பு வரை வருவதால் தலையைத் திருப்பினால் மொத்தமும் விறைப்பாகக் கூடவே சுழல்கிறது, முதுகுக்குள் போகிறது. எந்த எலும்புக்கு எவ்வளவு வெயிட் (அந்த எலும்பு இழுக்கும் பங்கு) கொடுப்பது?

பழைய_ப்ரிம்காரன்:

தலையில் இருக்கிற தொப்பி முழுவதும் எம்ஹெட் என்ற தலை எலும்புக்கு மட்டும். அதில் ஒரு புள்ளிகூட வேறு எலும்புக்குப் போகக் கூடாது, போனால் குனியும்போது நெற்றியோரம் பிளந்துகொள்ளும். பின்கழுத்தில் பின்னல் தொடங்குகிற இடத்திலிருந்து எம்நெக்குக்கு மெதுவாக மாறட்டும், தோள்பட்டை உயரத்தில் எம்செஸ்ட், அதற்குக் கீழே எம்டார்சோ, இடுப்பைத் தொடுகிற நுனிக்கு எம்பெல்விஸ் கொஞ்சம். மாற்றம் எங்கும் சட்டென்று வரக் கூடாது, ஒரு எலும்பிலிருந்து அடுத்ததுக்குப் பின்னலின் இரண்டு மூன்று சுற்றுத் தூரமாவது வேண்டும். ஒரு புள்ளிக்கு நாலு எலும்புக்கு மேல் செகண்ட் லைஃப் ஏற்காது. பின்னலின் இடது, வலது ஓரத்துக்கு வேறு வேறு வெயிட் இருந்தால் புரி முறுக்கிக்கொள்ளும், ஆகையால் குறுக்கே ஒரே அளவு, கீழே போகப் போக மட்டும் மாற்றம்.

காலர் எலும்புக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கை தூக்கினால் பின்னலும் தூக்கும். முன்னால் போட்ட பின்னலாக இருந்தால் கதை வேறு, அதற்கு மார்பளவுக்கு ஏற்ப மூன்று நாலு அளவு செய்ய வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

ஆடுவதற்கு: 2016 டிசம்பரில் பென்டோ என்ற கூடுதல் எலும்புத் தொகுதி வந்தபோது வாலுக்கு ஆறு எலும்பு கொடுத்தார்கள். அவற்றை இடம் மாற்றி முடிக்குப் பயன்படுத்தி அனிமேஷன் போடுகிறவர்கள் உண்டு. வாலோ, அதே எலும்பைப் பயன்படுத்துகிற வேறு எதுவோ போட்டிருக்கிறவர்களுக்கு இரண்டும் மோதும், ஏற்றும்போது ஜாயின்ட் பொசிஷனையும் (எலும்பு மூட்டுகளின் இடம்) சேர்த்து ஏற்ற வேண்டும். முதல் பின்னலுக்கு அது வேண்டாம். வெயிட் நன்றாகக் கொடுத்த பின்னல் நடையில் தானாகவே கொஞ்சம் அசையும், பார்க்க நன்றாக இருக்கும்.

சோதிக்க நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார வையுங்கள், பறக்க வையுங்கள், மவுஸைத் திரையின் மூலைக்கு மூலை கொண்டுபோனால் தலை கூடவே திரும்பும், அதில்தான் கழுத்துப் பக்கத்துக் குறை தெரியும்.

மரகதம்:

நிறம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கறுப்பு முடிக்கு டெக்ஸ்சரை முழுக் கறுப்பாகச் செய்யாதீர்கள். இழை ஒன்றுமே தெரியாது, தலையில் ஓட்டை மாதிரி இருக்கும். மிக அடர்ந்த பழுப்பு அல்லது நீலம் கலந்த கறுப்பில் செய்து, இழைக்கு இழை கொஞ்சம் வெளுப்பும் கருப்பும் மாற்றுங்கள். சாம்பல் டெக்ஸ்சர் ஒன்று செய்து உள்ளே நிறம் ஏற்றுகிற வழியும் உண்டு, ஆனால் நிறம் ஏற்றுவது இருட்டாக்கத்தான் செய்யும், வெளுப்பாக்காது, அதனால் நரைக்கும் பொன்னிறத்துக்கும் வெளுத்த டெக்ஸ்சர் தனியாக வேண்டும்.

எண்ணெய்ப் பளபளப்பு: நிஜ முடியில் வெளிச்சம் தலையைச் சுற்றி ஒரு வளையமாக விழும், செகண்ட் லைஃபின் பளபளப்பு அப்படி வேலை செய்யாது, வட்டமாக விழும். அதனால் அந்த வளையத்தை நிறப்படத்திலேயே லேசாக வரைந்துவிடுங்கள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வகிட்டில் அறுபட்டு. அதற்கு மேல் பளபளப்புக் கொஞ்சமாக. பிபிஆர் (நிஜ ஒளி போல வெளிச்சம் காட்டும் புது முறை) மெட்டீரியலும் செய்தால் ரஃப்னஸை (சொரசொரப்பு அளவு) குறைத்து வையுங்கள், பழைய வியூவரில் இருப்பவர்களுக்காகச் சாதாரண டெக்ஸ்சரையும் சேர்த்தே போடுங்கள்.

கதிர்3டி:

ஏற்றுவதற்கு முன் சில விஷயம். பிளெண்டர் 5.0-இல் கொலாடா என்ற கோப்பு வடிவத்தின் ஏற்றுமதியை எடுத்துவிட்டார்கள், செகண்ட் லைஃபுக்கு இத்தனை நாள் நாம் கொடுத்து வந்தது அந்தக் கோப்புதான். அதனால் 4.5 எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு உள்ள பதிப்பு) ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கொலாடா ஏற்றுமதியில் செகண்ட் லைஃபுக்கென்றே இரண்டு ப்ரீசெட் (தயார் அமைப்பு) இருக்கும், ரிக் செய்ததற்கு ஒன்று, ரிக் இல்லாததற்கு ஒன்று. வியூவரில் ஏற்றும்போது ஸ்கின் வெயிட் என்ற கட்டத்தை டிக் செய்யாவிட்டால் வெயிட் எதுவும் வராது.

முதலில் சோதனை கிரிட்டில், அதாவது சோதனைக்கான தனி உலகில், ஏற்றுங்கள். நாம் எல்லோரும் இருக்கிற முக்கிய கிரிட்டின் பெயர் அக்னி, சோதனை கிரிட்டின் பெயர் அதிதி. அங்கே போகிற லிண்டன் டாலர் (செகண்ட் லைஃப் பணம்) நிஜக் கணக்கில் கழியாது, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றிப் பார்க்கலாம். டெக்ஸ்சருக்கு அதுகூட வேண்டாம், லோக்கல் டெக்ஸ்சர் வசதியில் உங்கள் கணினியில் இருக்கிற படத்தையே முடியில் போட்டுப் பார்க்கலாம், ஃபோட்டோஷாப்பிலோ கிருத்தாவிலோ சேமித்தால் உள்ளே உடனே மாறும், உங்கள் திரையில் மட்டும். எல்லாம் பிடித்த பிறகு 10 லிண்டன் கொடுத்து ஒரே முறை ஏற்றுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தெரிகிற பட்டை பின்னாலிருந்து பார்த்தால் காணாமல் போகும். நெற்றியோரப் பட்டைகளை உள்பக்கமிருந்தும் யாராவது பார்க்க வாய்ப்பிருந்தால் நகல் எடுத்துத் திருப்பி வையுங்கள். பிபிஆரில் இரண்டு பக்கமும் காட்ட ஒரு தேர்வு இருக்கிறது, பழைய மெட்டீரியலில் இல்லை.

யாழினி:

அதிதியில் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். சம்மணமிட்டு உட்கார்ந்தால் பின்னல் நுனி தரைக்குள் கொஞ்சம் போகிறது, மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது! வகிடு அப்படியே நான் நினைத்த மாதிரி வந்திருக்கிறது. மிச்சம் மல்லிகைதான். ஒவ்வொரு மொட்டையும் மெஷ்ஷாகச் செய்தால் பின்னலைவிட சரம் கனமாகிவிடுகிறது. படமாக ஒட்டினால் தட்டையாக இருக்கிறது. முடிந்ததும் விற்கவும் ஆசை, ஹேர் ஃபேர் என்ற செகண்ட் லைஃப் முடிச் சந்தையில் வைக்கிற அளவுக்கு ஒருநாள் வர வேண்டும், தலைமுடி இழந்த குழந்தைகளுக்கு விக் செய்து கொடுக்கிற விக்ஸ் ஃபார் கிட்ஸ் அமைப்புக்கு அந்தப் பணம் போகிறது என்பதே எனக்குப் பெரிய ஈர்ப்பு.

மரகதம்:

தரைக்குள் போவதை விட்டுவிடுங்கள், நீளப் பின்னல் எல்லாவற்றுக்கும் அது உண்டு. வேண்டுமானால் இரண்டு சுற்றுக் குட்டையாக இன்னொரு பின்னல் சேர்த்துக் கொடுங்கள்.

மல்லிகைக்கு நாலு மொட்டைப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் வரைந்து ஒரு சின்ன டெக்ஸ்சர் செய்யுங்கள், 256 பிக்சல் போதும். ஒரு மொட்டுக்கு ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிற இரண்டு பட்டை, நாலு முக்கோணம். அறுபது மொட்டு வைத்தாலும் 240, பின்பக்கத்துக்கு நகல் எடுத்தால் 480, அவ்வளவுதான். எல்லா மொட்டும் ஒரே திசையைப் பார்த்தால் நெருக்கமாகக் கட்டிய சரம் மாதிரி இருக்காது, ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம், காம்புகள் உள்ளே நூலில் சேர்கிற மாதிரி மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். நடுவே ஒரு மெல்லிய பச்சைக் குழல் ஓடட்டும், இடுக்கில் தெரிவது அதுதான். ஆல்ஃபா மாஸ்கிங் மட்டும், பிளெண்டிங் வேண்டவே வேண்டாம், முடியோடு சண்டை போடும். வெள்ளையும் சுத்த வெள்ளையாக இல்லாமல் காம்புப் பக்கம் லேசான பச்சை, நுனியில் கொஞ்சம் மங்கல் இருந்தால் வெயிலில் கண்ணைக் குத்தாது.

சரத்தைத் தனி மெஷ்ஷாக வையுங்கள், பூ வேண்டாம் என்கிறவர் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் ரிக் செய்த பின்னலோடு ரிக் இல்லாத சரத்தைச் சேர்த்தால் பின்னல் முதுகோடு போகும், பூ தலையோடு போகும். அதனால் பின்னலின் வெயிட்டையே டேட்டா டிரான்ஸ்ஃபரில் சரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்கும்போது மாடிஃபை (மாற்றிக்கொள்ளும்) அனுமதி கொடுத்து விற்றால் நல்லது. பூவைக் கனகாம்பரமாக மாற்ற நினைக்கிறவர் நிறம் மட்டும் மாற்றிக்கொள்வார், அதற்காக உங்களுக்குக் குறிப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.